உங்க சிப்பத்தின் எடையைச் சொல்வது யார்?



கொள்முதல் நிலையத்திலேயோ கமிஷன் மண்டியிலேயோ சிப்பத்தைத் தராசு மேலே ஏத்தி வைக்கிறீங்க. கண்ணாடிக்குள்ளே சிவப்பு எழுத்து ஓடி ஓடி ஓரிடத்திலே நிக்குது. நாற்பது கிலோ. எழுதிக்கிட்டு அடுத்த சிப்பத்தைக் கூப்பிடறாங்க. நாலு மாசம் பட்ட பாடு பூராவும் அந்த எண்ணுக்குள்ளே அடங்கிப் போகுது. சரி, அந்த எண் சரிதான்னு சொல்றது யாரு? தராசு சொல்லுது. தராசு சரிதான்னு சொல்றது யாரு? முத்திரை போட்ட அதிகாரி. அவர் கையிலே இருக்கிற எடைக்கல் சரிதான்னு யாரு சொன்னாங்க? இப்படிக் கேட்டுக்கிட்டே போனா அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதைப் பற்றித்தான் இன்னிக்குப் பேசப் போகிறேன்.

உரத்தைப் பற்றியும் பூச்சிமருந்தைப் பற்றியும் பேசவேண்டிய ஆள் எடைக்கல்லைப் பற்றி ஏன் பேசறார்னு நினைக்காதீங்க. ஏக்கருக்கு ஒரு மூட்டை கூட விளைவிக்க நாம எவ்வளவோ பாடுபடறோம். அளக்கும்போது சிப்பத்துக்கு அரைக்கிலோ குறைஞ்சா, எண்பது சிப்பத்துக்கு முழுசா ஒரு சிப்பம் போயிடுது. அதற்கு எந்த உரம் போட்டும் ஈடுகட்ட முடியாது.

நம்ம கேள்வி கடைசியாகப் போய் நிற்கிற இடம் பிரான்சு தேசத்தில், பாரிஸ் நகரத்தை ஒட்டினாற்போல் இருக்கிற செவ்ர் என்ற ஊர். ஆனா அந்த ஊருக்குப் போவதற்கு முன்னாலே அந்த நாட்டு விவசாயிகளின் கதையைக் கொஞ்சம் கேட்டாகணும். கதை அவங்க பட்ட கஷ்டத்திலேதான் ஆரம்பிக்குது.

இருநூற்று முப்பது வருஷத்துக்கும் மேலே முன்னாலே பிரான்சிலே ராஜா ஆட்சி. நிறைய நிலம் பிரபுக்கள் கையிலே. குத்தகையும் வாரமும் தானியமாகத்தான் அளக்கணும். அளக்கிற மரக்கால் யாருடையது? பிரபுவுடையது! ஊருக்கு ஒரு மரக்கால். சில இடத்திலே வாங்க ஒண்ணு, விற்க ஒண்ணு. பேர் மாறாது, ஆனா வருஷத்துக்கு வருஷம் கொள்ளளவு மட்டும் ஏறிக்கிட்டே போகும். கூம்பாக அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதிலே ஒரு சண்டை. தானியத்தைத் தோளுயரத்திலிருந்து கொட்டினா அது இறுகி உட்கார்ந்து மரக்காலிலே இன்னும் கொஞ்சம் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரிஞ்சிருந்தது. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்குதில்லையா? நம்ம பக்கத்திலேயும் ஜமீன் காலத்து மரக்காலைப் பற்றிப் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க.

1789-ஆம் ஆண்டு, பிரெஞ்சுப் புரட்சி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலே, நாட்டு மக்கள் தங்கள் குறைகளை எழுதித் தரலாம் என்று ராஜா உத்தரவு போட்டார். கிராமம் கிராமமாக ஏடுகளிலே எழுதினாங்க. வரி அதிகம், உப்பு விலை அதிகம் என்பவற்றோடு திரும்பத் திரும்ப வந்த ஒரு கோரிக்கை, நாடு முழுவதற்கும் ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்பது. விஞ்ஞானிகள் மட்டுமல்ல, விவசாயியும் இதைக் கேட்டான் என்பதைக் கவனிக்கணும். மெட்ரிக் முறை ஏதோ படித்தவர்கள் மேஜையிலே பிறந்தது என்ற எண்ணம் பலருக்கு இருக்குது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. களத்துமேட்டு வழக்குக்குத் தீர்ப்பாகத்தான் அது வந்தது.

அளவு யாருக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது, ராஜாவின் கையையோ காலையோ வைத்து இருக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். பூமியையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்று 1791-இல் தீர்மானமாயிற்று. வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு, ஒரு மீட்டர். தெலாம்பர், மெஷென் என்ற இரண்டு பேர் 1792 முதல் 1798 வரை, புரட்சிக் கலவரத்துக்கு நடுவே, வடக்கே டன்கர்க்கிலிருந்து ஸ்பெயின் நாட்டு பார்சலோனா வரை நிலத்தை அளந்தார்கள். அந்த மீட்டரிலிருந்து கிலோகிராம் பிறந்தது. பத்து சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி நிறையத் தண்ணீர், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. 1799-இல் பிளாட்டினத்தில் மீட்டரும் கிலோவும் செய்து பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் வைத்தார்கள்.

ஜனங்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. 1812-இல் நெப்போலியன் பழைய பேர்களையே கடைத்தெருவிலே புழங்கலாம் என்று விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 1840 ஜனவரி 1-ஆம் தேதிதான் மெட்ரிக் மறுபடியும் கட்டாயமானது. நம்ம நாட்டிலே 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக வீசையும் மணங்கும் போச்சு. அதுக்கப்புறமும் வெகுநாள் நம்ம பாட்டிமார் கத்தரிக்காயை வீசைக் கணக்கிலேதானே கேட்டாங்க!

இது ஒரு நாட்டின் கதை. நாட்டுக்கு நாடு வியாபாரம் பெருகினபோது, பாரிசிலே பெட்டிக்குள்ளே இருக்கிற கிலோ பிரான்சுக்குச் சொந்தமா, எல்லோருக்கும் சொந்தமா என்ற கேள்வி வந்தது. 1875 மே 20-ஆம் தேதி 17 நாடுகள் பாரிசில் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதின. அதற்கு மீட்டர் உடன்படிக்கை என்று பேர். எடைக்கும் அளவுக்கும் எல்லா நாடுகளும் சேர்ந்து செலவு செய்து, சேர்ந்து நடத்துகிற ஒரு நிலையம் வேண்டும் என்பது அதன் சாரம். செவ்ர் ஊரில், 1870 யுத்தத்திலே குண்டடிபட்டுக் கிடந்த ஒரு பழைய மாளிகையைப் பிரெஞ்சு அரசு கொடுத்தது. அதைச் செப்பனிட்டுச் சர்வதேச எடை அளவை நிலையம் என்று வைத்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்குது.

நிர்வாகம் எப்படி என்றால், நம்ம கூட்டுறவுச் சங்கம் மாதிரின்னு வச்சுக்குங்க. பொதுக்குழு மாதிரி, எல்லா உறுப்பு நாடுகளும் கூடுகிற பொது மாநாடு. சுமாராக நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கூடும். நிர்வாகக் குழு மாதிரி 18 பேர் கொண்ட ஒரு கமிட்டி. அன்றாட வேலைக்குச் செவ்ர் நிலையம். இப்போது அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். இந்தியா 1957-இல் சேர்ந்தது.

1889-இல் முதல் பொது மாநாடு கூடி, இதுதான் உலகத்துக்குக் கிலோ என்று ஒரு கட்டியை அறிவித்தது. பத்தில் ஒன்பது பங்கு பிளாட்டினம், ஒரு பங்கு இரிடியம் கலந்த உருளை. உயரமும் குறுக்களவும் தலா 39 மில்லிமீட்டர், உள்ளங்கையிலே மூடிக்கொள்ளலாம். அதே கலவையிலே செய்த பிரதிகளை நாடுகளுக்குக் கொடுத்தார்கள். எதை யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வராமலிருக்கக் குலுக்கல் போட்டு எடுத்தார்கள், நம்ம ஏலச்சீட்டிலே பேர் எடுக்கிற மாதிரி! பின்னாலே சேர்ந்த நம்ம நாட்டுக்கு வந்தது 57-ஆம் எண் பிரதி. புது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அது இருக்கிறது.

மூலக் கட்டியைக் காப்பாற்றின விதத்தைக் கேளுங்க. ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கண்ணாடி மணிகள் கவிழ்த்து, நிலவறைப் பெட்டகத்திலே வைத்தார்கள். பெட்டகத்தைத் திறக்க மூன்று சாவிகள். ஒன்று நிலையத்தின் இயக்குநரிடம், ஒன்று கமிட்டித் தலைவரிடம், ஒன்று பிரெஞ்சு ஆவணக் காப்பகத்திடம். மூன்று பேரும் வந்தாலொழியத் திறக்க முடியாது. நம்ம ஊர்க் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு இரண்டு பேரிடம் சாவி கொடுக்கிறோமே, அதே தத்துவம்தான். எடைக்கல் ஒருத்தர் கையிலே இருக்கக்கூடாது. பிரபுவின் மரக்காலிலே கற்றுக்கொண்ட பாடம் அது.

எடுத்தால் தேய்ந்து போகுமே என்ற பயத்திலே, நூறு வருஷத்துக்கும் மேலே அதை விரல்விட்டு எண்ணுகிற தடவைதான் வெளியே எடுத்தார்கள். எடுத்தால் ஈதரும் சாராயமும் நனைத்த மெல்லிய தோலால் துடைத்து, சுத்த நீராவியிலே கழுவித்தான் தராசிலே வைப்பார்கள். நாடுகளிடமிருந்த பிரதிகளும் செவ்ருக்கு வந்து மூலத்தோடு ஒப்பிடப்பட்டன.

1988 முதல் 1992 வரை நடந்த ஒப்பீட்டிலேதான் சங்கதி வெளிப்பட்டது. நூறு வருஷத்திலே மூலக்கட்டிக்கும் பல பிரதிகளுக்கும் நடுவே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் வந்திருந்தது. 50 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? ஒரு நெல்மணி சுமார் 20 மில்லிகிராம். அந்த ஒரு நெல்லை நானூறு பங்கு போட்டால் அதிலே ஒரு பங்கு. இதுக்குப் போய் இவ்வளவு கவலையா என்று கேட்பீங்க. கவலை அந்த அளவைப் பற்றியது மட்டுமல்ல. பிரதிகள் கனத்துப் போச்சா, மூலம் இளைத்துப் போச்சா என்று சொல்ல வழியே கிடையாது. ஏன்னா, மூலக்கட்டி எவ்வளவோ அதுதான் கிலோ என்று எழுதியாகிவிட்டது. அது இளைத்தாலும் கிலோதான். உலகத்திலே மற்றதெல்லாம் கனத்துப் போனதாகத்தான் கணக்கு! பிரபுவின் மரக்கால் எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் மரக்கால் என்பதற்கும் இதற்கும், யோசித்துப் பார்த்தால், தத்துவத்திலே வித்தியாசம் கிடையாது. இங்கே பிரபு மட்டும் இல்லை.

மீட்டருக்கு இந்தச் சிக்கல் முன்னாலேயே தீர்ந்துவிட்டது. 1983-இல் மீட்டரை வெளிச்சத்தின் வேகத்தோடு கட்டிவிட்டார்கள். ஒரு வினாடியில் வெளிச்சம் 29,97,92,458 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால் மீட்டர் தானாகக் கிடைக்குது. வெளிச்சம் தேயாது, துருப்பிடிக்காது. கிலோவுக்கு மட்டும் அப்படி ஒரு தேயாத பொருள் கிடைக்க ரொம்ப நாளாயிற்று.

அது கிடைத்த வழியைச் சுருக்கமாகச் சொல்றேன். 1975-இல் கிபில் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு தராசை யோசித்தார். ஒரு பக்கம் எடைக்கல். மறுபக்கம் கல்லுக்குப் பதிலாகக் காந்தத்தின் நடுவே தொங்குகிற கம்பிச்சுருள். உங்க பம்புசெட்டு மோட்டாரிலே காயில் இருக்குதில்லையா, அந்த மாதிரிதான். சுருளிலே மின்சாரம் விட்டால் அது கீழே இழுக்கும். கல்லின் எடைக்குச் சரியாக இழுக்க எவ்வளவு மின்சாரம் வேணும் என்று அளக்கிறார்கள். அந்த மின்சாரத்தை அளக்கிற முறை பிளாங்க் மாறிலி என்கிற ஓர் எண்ணிலே போய் முடியுது. அந்த எண் இயற்கையிலே உள்ளது. செவ்ரிலும் அதேதான், செங்கல்பட்டிலும் அதேதான். இன்னொரு கோஷ்டி, கலப்படமில்லாத சிலிக்கானில் ஒரு கிலோ உருண்டை செய்து அதிலே எத்தனை அணு என்று எண்ணிக் கணக்கு போட்டது. இரண்டு வழியும் வேறு வேறு. விடை ஒத்துப்போகிறவரை காத்திருந்தார்கள்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி, பாரிசுக்குப் பக்கத்திலே வெர்சாய் நகரத்தில் 26-ஆவது பொது மாநாடு. நாடுகள் ஒவ்வொன்றாக ஓட்டுப் போட்டு, உலோகக் கட்டியைப் பதவியிலிருந்து இறக்கின. 2019 மே 20-ஆம் தேதி, அதாவது உடன்படிக்கை எழுதின அதே தேதியில், புது முறை நடைமுறைக்கு வந்தது. பிளாங்க் மாறிலிக்கு 6.62607015 என்று தொடங்குகிற ஒரு மதிப்பை இனி மாறாது என்று நிலைநிறுத்தினார்கள். கிலோ அதிலிருந்து கிடைக்கும். பழைய கட்டி இப்பவும் செவ்ரிலேயே பத்திரமாக இருக்குது. ஆனா அது இப்போ எல்லாக் கல்லையும் போல ஒரு கல், அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலே நம்ம மண்டியிலே என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. மாறாமல் பார்த்துக்கொண்டதுதான் அவங்க சாமர்த்தியம். வேலையும் முடிஞ்சுபோகலை. வெவ்வேறு நாட்டுத் தராசுகள் தரும் கிலோவிலே நெல்லின் நானூறில் ஒரு பங்கு என்று சொன்னேனே, அந்த அளவுக்கு இன்னும் சின்னச்சின்ன வித்தியாசம் வருது. அதனாலே எல்லா முடிவுகளையும் சேர்த்துப் பொதுவாக ஒத்துக்கொண்ட மதிப்பு ஒன்றை 2021 பிப்ரவரி முதல் புழங்குகிறார்கள். நேரத்திலும் இதே ஏற்பாடுதான். வானொலியிலே மணி சொல்றோமே, அந்த நேரமும் பல நாடுகளிலே ஓடுகிற நூற்றுக்கணக்கான அணுக் கடிகாரங்களின் கணக்கைச் செவ்ர் நிலையம் சேர்த்துச் சராசரி எடுத்துச் சொல்வதோடு ஒத்துத்தான் ஓடுது. தனியாக ஒரு கடிகாரம் சொல்வதை யாரும் வேதவாக்காக எடுத்துக்கிறதில்லை.

இனி செவ்ரிலிருந்து உங்க களத்துக்கு வருவோம்.

தில்லி ஆய்வுக்கூடத்துக் கிலோவோடு ஒப்பிட்டு, பெங்களூர் போன்ற இடங்களிலுள்ள வட்டார ஆய்வகங்களின் கற்கள். அதோடு ஒப்பிட்டு, மாநில அரசின் கற்கள். அதோடு ஒப்பிட்டு, உங்க பகுதி முத்திரை ஆய்வாளர் பெட்டியிலே இருக்கிற கற்கள். அதை வைத்து மண்டித் தராசு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பிசகு சேரும். எவ்வளவு சேரலாம் என்று எழுதி வைத்திருப்பது இன்னொரு சர்வதேச அமைப்பு. அதன் பேர் சர்வதேசச் சட்டமுறை எடையளவு அமைப்பு. 1955-இல் தொடங்கியது. அதுவும் பாரிசிலேதான் இருக்குது. இந்தியா 1956-லேயே அதிலே சேர்ந்துவிட்டது. செவ்ர் நிலையம் கிலோ எது என்று சொல்லும். இந்த அமைப்பு, கடையிலே வைக்கிற தராசு எப்படி இருக்கணும் என்று சொல்லும். நமக்கு நெருங்கின சொந்தம் இதுதான்.

அவங்க விதிப்படி, மிக உயர்ந்த தரத்து 20 கிலோ கல்லிலே 10 மில்லிகிராம் வரைதான் பிசகு இருக்கலாம். அரை நெல்மணி! அதிலிருந்து நாலு படி இறங்கினால், தராசுகளைச் சோதிக்கப் பயன்படும் தரத்திலே 1 கிராம். ஏறக்குறைய ஐம்பது நெல்மணி. தராசுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். 20 கிராம் 20 கிராமாக எண் ஏறுகிற தராசிலே 40 கிலோ சிப்பத்தை வைத்தால், முத்திரை போடும்போது 20 கிராமும், புழக்கத்திலே இருக்கும்போது 40 கிராமும் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேலே போனால் அந்தத் தராசு வியாபாரத்துக்கு லாயக்கில்லை. அது மட்டுமல்ல, முன்னே பின்னே என்றால் இரண்டு பக்கமும் வரணும். எப்பப் பார்த்தாலும் உங்களுக்கு எதிராகவே பிசகினா, அந்தத் தராசைப் பற்றி விசாரிக்க வேண்டியதுதான்.

தராசை ஏன் அந்தந்த ஊரிலேயே கல் வைத்துச் சரிபார்க்கணும் என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். கம்பெனியிலே சரிபார்த்துத்தானே அனுப்புறாங்க என்றார். நல்ல கேள்வி. பழைய இரட்டைத்தட்டுத் தராசு கல்லையும் நெல்லையும் ஒப்பிடும். மின்னணுத் தராசு அப்படியில்லை. பூமி எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் அது உணரும். பூமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. துருவத்துப் பக்கம் அதிகம், பூமத்திய ரேகைப் பக்கம் குறைவு. பாரிசிலே சரிபார்த்த தராசைத் தொடாமல் கொள்ளாமல் சென்னைக்குக் கொண்டுவந்து 40 கிலோ சிப்பத்தை வைத்தால், 100 கிராமுக்கு மேலே குறைத்துக் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, ஆனா நஷ்டம் விற்கிறவருக்கு! அதனாலே எந்த ஊர்த் தராசானாலும் அது நிற்கிற இடத்திலே, முத்திரையிட்ட கல் வைத்துச் சரிபார்க்கப்பட வேண்டும்.

எடை மட்டுமா? ஈரப்பதமும் எடைதான். 100 கிலோ நெல்லிலே 20 சதவீதம் ஈரம் என்றால் உலர்ந்த சரக்கு 80 கிலோ. அதையே 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் 96 கிலோ 400 கிராமுக்குக் கொஞ்சம் குறையாக நிற்கும். அதாவது ஈரப்பத மீட்டர் ஒரு சதவீதம் தப்பாகச் சொன்னால் குவிண்டாலுக்கு ஒரு கிலோவுக்கு மேலே கணக்கு மாறும். தராசின் 40 கிராமுக்குக் காவல் காக்கிற நாம இதைக் கவனிக்கிறதே இல்லை. தானியம், எண்ணெய் வித்துக்களின் ஈரப்பத மீட்டருக்கென்றே அந்தச் சர்வதேச அமைப்பு தனி விதிமுறை எழுதியிருக்குது. மீட்டர் நேரடியாகத் தண்ணீரை அளப்பதில்லை. பெரும்பாலான மீட்டர்கள் தானியத்தின் மின்குணத்தைப் பார்த்துக் கணக்குப் போடும். ஆகையினாலே நெல்லுக்கு வைத்த அமைப்பிலே உளுந்தைப் போட்டால் தப்பு வரும். வெயிலிலே சுடச்சுட அள்ளின தானியத்தை உடனே போட்டாலும் மாறும். அம்பாரத்தின் மேலாக ஒரு பிடி, அடியிலே ஒரு பிடி, நடுவிலே ஒரு பிடி என்று கலந்து, மூன்று தடவை பார்க்கச் சொல்லுங்க. மூன்றும் ஒத்திருந்தால் சரி.

ஏற்றுமதிக்குச் சரக்குக் கொடுக்கிறவங்களுக்கும் ஒரு விஷயம். நிலக்கடலையிலே அஃப்ளாடாக்சின் நஞ்சு இவ்வளவுதான் இருக்குது என்று இங்கே ஓர் ஆய்வகம் சான்று கொடுத்தால், கடல் தாண்டி இருக்கிறவன் ஏன் நம்பணும்? 1999 அக்டோபரில் நாடுகள் பாரிசில் ஓர் ஏற்பாட்டிலே கையெழுத்துப் போட்டன. ஒருவர் அளவையை மற்றவர் ஒத்துக்கொள்வது. ஆனா சும்மா இல்லை, பரீட்சை வைத்து. ஒரே மாதிரிச் சரக்கைப் பல நாட்டு ஆய்வகங்களுக்கும் அனுப்பி, அவரவர் விடையை வாங்கி, யார் எவ்வளவு விலகினார்கள் என்பதைப் பகிரங்கமாக வெளியிடுவார்கள். அரிசி மாவிலே ஆர்செனிக், தேயிலையிலே எண்டோசல்பான் மிச்சம், இப்படியெல்லாம் பரீட்சை நடந்திருக்குது. அஃப்ளாடாக்சினை அளக்க ஆதாரமாக வைத்துக்கொள்ளும் கரைசலைத் தயாரிக்கும் முறையைப் பல நாட்டு ஆய்வாளர்களுக்குச் செவ்ர் நிலையமே கற்றுக்கொடுக்கிறது. பிளாட்டினக் கட்டியைக் காத்த இடம் இப்போ கடலைப் பூஞ்சையைப் பற்றியும் கவலைப்படுது. நாம் செய்ய வேண்டியது, அறுவடைக்குப் பிறகு கடலையை நன்றாகக் காயவைப்பது. ஈரமாக மூட்டை கட்டின கடலையை எந்த ஆய்வகமும் காப்பாற்ற முடியாது.

ஆக, செவ்ரிலே நெல்லின் நானூறில் ஒரு பங்குக்காக நூறு வருஷம் கவலைப்பட்டிருக்காங்க. அந்தச் சங்கிலி உங்க ஊர் வரைக்கும் அறாமல் வந்து, கடைசிக் கண்ணியிலே, தராசுக்கும் சிப்பத்துக்கும் நடுவிலே, அறுந்து போவது உண்டு. ஒரு பக்கம் சாய்ந்த தரையிலே தராசு. சிப்பம் வைப்பதற்கு முன்னாலேயே பூஜ்யம் காட்டாத தராசு. பக்கத்துச் சுவரிலே சாய்ந்து நிற்கிற சிப்பம். சாக்குக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று வாய்க்கணக்காகக் கழிப்பது. இதெல்லாம் தராசு செய்கிற வேலை அல்ல, மனுஷன் செய்கிற வேலை. எந்த மாநாடு ஓட்டுப் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. அங்கே நிற்கிற ஆள் நீங்கதான்.

அதனாலே, சிப்பம் ஏற்றும் முன்னாலே பூஜ்யத்தைப் பாருங்க. தராசிலே குமிழிமட்டம் இருந்தால் குமிழி வட்டத்துக்கு நடுவிலே நிற்குதான்னு பாருங்க. முத்திரையையும் சான்றிதழையும் பாருங்க. மின்னணுத் தராசுக்கும் எடைமேடைக்கும் 12 மாதத்துக்கு ஒரு தடவை மறுமுத்திரை போட்டாகணும். சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 20 கிலோ கல் ஒன்றைத் தராசின் நடுவிலேயும், பிறகு நாலு மூலையிலேயும் வைத்துக் காட்டச் சொல்லுங்க. ஐந்து இடத்திலும் ஒரே எண் வரணும். கேட்பதிலே வெட்கம் வேண்டாம். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்திலே இன்னும் ஒரு தடவை கேளுங்க.

முத்திரைக் காலம் தாண்டின தராசைக் கண்டால் உங்க மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில், எடையளவுப் பிரிவுக்கு எழுதிக் கொடுக்கலாம். தராசிலே ஒட்டியிருக்கும் தகட்டிலுள்ள எண், முத்திரையிலே உள்ள காலம், கடையின் பேர், நீங்கள் பார்த்த தேதி, இந்த நாலும் மனுவிலே இருக்கட்டும். பில்லின் நகல் ஒன்றையும் சேர்த்து வையுங்க.